உன் அப்பா பாடிய தேவாரமும் நான் அடித்த அடியும்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் என் கைப்பைக்குள் கிடந்து மூலைகள் மடிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடமில்லாத நேரங்களில் எடுத்து வாசிக்கிறேன். பதில் எழுதக் கொப்பியை விரிப்பேன், மணி அடித்துவிடும். மணி அடிக்காத நாட்களில் நானே மூடிவிடுவேன். இன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம். அப்பா சாப்பிட்டுவிட்டு முன்னறையில் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். மாமி உப்புவெளிக்குப் போயிருக்கிறா. இனிச் சொல்ல எனக்கு ஒரு சாட்டும் இல்லை.

பேராதனையில் இருந்து நீ எழுதியிருந்தாய்: "அம்மா, நேற்று முதன்முதலா ஒரு மனிச மூளையைக் கையில எடுத்துப் பாத்தன். ஒரு தேங்காய்ப் பாரம்தான் இருக்கும். எல்லாம் இதுக்குள்ளதான் எண்டால் கோயில்ல ஆர் இருக்கிறார்? நீங்கள் விலங்கியல் படிச்சுப் பட்டம் எடுத்தனீங்கள், பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனீங்கள். எப்பிடி இன்னும் விளக்குக் கொளுத்துறீங்கள்?" அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வரி எழுதியிருந்தாய்: "எட்டு வயசில தேவாரத்தைப் பகிடி பண்ணினன் எண்டு எனக்கு அடிச்சனீங்கள். அண்டைக்கே எனக்குச் சாமி விட்டுப் போச்சு." முதல் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரியில் ஒரு பிழை இருக்கிறது, மகன். நீ சாமியைப் பகிடி பண்ணினதற்காக நான் உனக்கு அடிக்கவில்லை. ஏன் அடித்தேன் என்பதை இத்தனை வருடமும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு அடிபட்டபோது உனக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தெட்டு. துறைமுகத்தில் அவருடைய வேலை உனக்கு நினைவிருக்கோ தெரியாது. கப்பல் விளிம்பில் நின்று கிரேன்காரனுக்குக் கை காட்டுகிற வேலை. ஏற்று, இறக்கு, பொறு, நிற்பாட்டு, எல்லாம் கையால்தான். சத்தத்துக்குள் வாயால் சொல்லி என்ன பயன்? வீட்டிலும் அப்படித்தான். சோறு போதும் என்பதற்கும் அதே கை, உன்னைத் தூக்கி வா என்பதற்கும் அதே கை. "வாயைத் திறந்து சொன்னால் முத்து உதிர்ந்திடுமோ?" என்று நான் நக்கலடிப்பேன். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோயில் மணி கேட்டதும் மட்டும் வாயைத் திறப்பார். கோணேசர் மேல் உள்ள பதிகத்தை முதலில் இருந்து கடைசிவரை பாடித்தான் எழும்புவார். சின்ன வயதில் தகப்பனோடு இருந்து பாடமாக்கினது. அன்றைக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிய சுமை காற்றுக்கு ஆடி வந்து அவருடைய இடது பக்கத் தலையில் அடித்தது. ஆஸ்பத்திரியில் கண் முழித்தபோது வலது கையும் இல்லை, வலது காலும் இல்லை, பேச்சும் இல்லை. இருந்தன, ஆனால் அவருடையதாக இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் பக்கத்தில் இருந்து, "இஞ்சருங்கோ, என்ர பேரைச் சொல்லுங்கோ, ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கெஞ்சுவேன். வாய் கோணும், கழுத்து நரம்பு புடைக்கும், ஒன்றும் வராது. வந்தால் ஒரே ஒரு சொல்: "சனியன்!" அது மட்டும் தெளிவாக, வாலிப வயதுச் சத்தத்தோடு வரும். ஒரு வெள்ளிக்கிழமை நான் குசினியில் பால் வைத்துக்கொண்டு நின்றேன். கோயில் மணி அடித்தது. முன்னறையில் இருந்து பாட்டுக் கேட்டது. பாலை அப்படியே பொங்கவிட்டு ஓடினேன். பதிகம் முழுவதும், மகன். ஒரு சொல் பிசகவில்லை. இரண்டு கண்ணாலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உன் மாமி, அப்பாவின் தமக்கை, வாசலில் விழுந்து கும்பிட்டா. "எல்லாத்தையும் எடுத்தான், தன்ர பாட்டை மட்டும் விட்டு வைச்சான்" என்று கத்தினா. நானும் விழுந்து கும்பிட்டேன். அன்றைக்கு நான் கும்பிட்டதைப் போல அதற்கு முன்னும் கும்பிட்டதில்லை, பின்னும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீடு எங்கள் வீடாக இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சனம் வரத் தொடங்கிற்று. முதலில் எங்கள் ஒழுங்கைச் சனம், பிறகு டவுன், பிறகு கட்டைபறிச்சானில் இருந்து துறை கடந்து லோஞ்சுப் படகில் வந்தார்கள். மாமி அவரைக் குளிப்பாட்டுவித்து, பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசுவா. இரண்டு பேர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி, சுவாமிப் படத்துக்குக் கீழே கதிரையில் இருத்துவார்கள். மணி அடிக்கும், பாடுவார், அழுவார். சனமும் அழும். பாட்டு முடிந்ததும் ஒவ்வொருத்தராக வந்து காலைத் தொடுவார்கள். ஒருமுறை ஒரு தாய் மகனின் சாதகத்தோடு வந்து நின்றபோது அப்பா அவளைப் பார்த்து "சனியன்!" என்றார். எனக்கு நிலம் பிளந்து விழுங்காதோ என்றிருந்தது. மாமி அசையவில்லை. "கேட்டியே பிள்ளை, பெடியனுக்குச் சனி பிடிச்சிருக்காம். சனிக்கிழமையில எள்ளெண்ணெய் எரி" என்றா. அவளும் எரித்தாள். மூன்றாம் மாதம் அந்தப் பெடியனுக்குப் புல்மோட்டையில் வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு சனத்தைக் கேட்கவும் வேண்டுமோ? நான் எந்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் என் முன்னறையில் ஆரோ கற்பூரம் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். உடுப்பு மாற்றவும் இடமில்லாமல் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். வகுப்பில் கரும்பலகையில் மூளையின் படம் கீறி, இது பெருமூளை, இது சிறுமூளை என்று பெயர் குறிக்கிறவள் நான். வீட்டில் அந்தப் படத்துக்குள் நடந்தது என்னவென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாய் வந்த ஒரு நாளும் உண்டு. அப்பாவுக்கு மருந்து எழுதிவிக்கப் போனபோது, கிண்ணியாப் பக்கத்து இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். நான் பாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"பாட்டை விட வேற ஏதும் வருமா டீச்சர்?"

"ஒரு ஏச்சு வரும்."

அவர் சிரித்துவிட்டார். "கோவிக்காதீங்க. எனக்கு ஒளிச்சு மறைச்சுக் கதைக்கத் தெரியாது. பேச்சு இருக்கிறது மூளையிட இடப் பக்கம், அங்கதான் அடிபட்டிருக்கு. பாடமாக்கின பாட்டும் வாய்ப்பழக்கத்தில வாற ஏச்சும் வேற இடத்தாலயும் வரும். எங்கட ஊர்ல ஒரு பெரியவர், வாதம் வந்து பெண்சாதிட பேரும் வராது. ஓதத் தொடங்கினா ஒரு எழுத்துப் பிசகாது. அல்லாஹ் வேற, சிவன் வேற எண்டு நாமதான் சொல்லுறம். மூளைக்கு ரெண்டும் ஒரே அலுமாரிதான்."

"அப்ப இது அற்புதம் இல்லையோ?"

"அத என்னட்டக் கேக்காதீங்க. ஒண்டு செய்து பாருங்க. அவர் பாடுற அதே மெட்டில சின்னச் சின்னச் சொல்லைப் போட்டுப் பழக்குங்க. தண்ணி தா, பசிக்குது, அப்பிடி. கட்டாயம் வரும் எண்டு சொல்ல ஏலாது. சில பேருக்கு வந்திருக்கு. ஆனா கெதியாத் தொடங்கோணும். பிந்தினா கஷ்டம்."

மகன், அந்த டொக்டர் அதைச் சொன்னது அப்பாவுக்கு அடிபட்ட ஐந்தாம் மாதம். நான் தொடங்கினது இரண்டு வருடத்துக்குப் பிறகு. மாமிக்குப் பயந்தேன் என்று உனக்குச் சொல்லலாம், அது பாதிப் பொய். ஒருநாள் மெல்லக் கதையை எடுத்தேன்தான். "தேவார மெட்டில தண்ணியோ? நாளைக்கு மெட்டில கக்கூசுக்கும் கேக்கப் பழக்குவாய் போல, டீச்சரம்மா!" என்று மாமி பாய்ந்தா. ஆனால் மாமி இல்லாத பகல்கள் எத்தனை இருந்தன! என்னைப் பிடித்து வைத்திருந்தது வேறொன்று. தண்ணி என்ற சொல் அந்த மெட்டில் ஏறிவிட்டால், என் கடவுள் அதிலிருந்து இறங்கிப் போய்விடுவார் என்று பயந்தேன். ஆம்பிளை விழுந்துபோனார், வீடு சனத்தின் கையில், சின்னப் பிள்ளை ஒன்று மடியில். எனக்கு மிச்சம் இருந்தது அந்த வெள்ளிக்கிழமைக் கண்ணீர் ஒன்றுதான். சாமி இவரைக் கைவிடவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. விஞ்ஞானம் படித்தவள் செய்யக்கூடாத பிழை இதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இப்போது உன் அடிக்கு வருகிறேன். ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை. நீ நிலத்தில் இருந்து தீப்பெட்டியால் கிரேன் கட்டிக்கொண்டிருந்தாய். உனக்குப் பசி. நான் சோறு வடிக்கப் பிந்திவிட்டேன். நீ உன் பாட்டுக்கு, கேட்டுக் கேட்டு உனக்கும் பாடமாகிப்போன அந்த மெட்டில், "சோறு தாங்கோ அம்மா, சோறு தாங்கோ" என்று இழுத்து இழுத்துப் பாடினாய். குசினி வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவின் வாய் திறந்தது. உன் பின்னால், உன் இழுவையிலேயே, "சோறு" என்றார். மகன், இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் வாயில் இருந்து வந்த முதல் சோறு அது. ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். நான் வந்து உன் கன்னத்தில் அடித்தேன். என் விரல் நான்கும் பதிந்தது. "சாமிப் பாட்டோட உனக்கென்ன பகிடி!" என்று கத்தினேன். அது என் வாயில் வந்த பொய். நான் திறக்கப் பயந்து சாத்தி வைத்திருந்த கதவை நீ விளையாட்டாகத் திறந்துவிட்டாய். அதற்குத்தான் அந்த அடி. நீ தீப்பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாய். அப்பா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அடுத்த கிழமை தொடங்கினேன். மாமி கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, அவரை வாங்குப் பலகையில் இருத்தி, அவருடைய இடது கையைப் பிடித்து முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டு பாடினேன். தண்ணி தா. சோறு போதும். நித்திரை வருது. நோகுது. என்னுடைய குரல் உனக்குத் தெரியும்தானே, காகம் பறக்கும். இரண்டு கிழமை ஒன்றும் இல்லை. மூன்றாம் கிழமை "தண்ணி" வந்தது. நான் ஓடிப்போய்க் கோப்பையில் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கவில்லை, தட்டிவிட்டார். என் வாயையே பார்த்தார். நான் மற்றச் சொற்களைப் பாடினேன். "நோகுது" என்றதும் என் கையைப் பிடித்தார். அவரும் பாடினார். "நோகுது, நோகுது, நோகுது." விடவே இல்லை. நல்ல கையால் என் கையை இழுத்துக்கொண்டு போய், விளங்காத வலது தோளில் வைத்தார். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தோள் மூட்டுக்கும் கையெலும்புக்கும் இடையில் இரண்டு விரல் போகிற பள்ளம்.

அதே டொக்டரிடம் கொண்டு போனோம். "கை பாரத்தில மூட்டு இறங்கிப் போயிருக்கு. விளங்காத கையைத் தொங்கவிடக் கூடாது, அக்குளில பிடிச்சுத் தூக்கவும் கூடாது. ஆர் இவரை இப்பிடித் தூக்கிறது?" என்று கேட்டார். நான் என்னவென்று சொல்வேன்? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, இரண்டு பேர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி, சுவாமிப் படத்துக்குக் கீழே இருத்துவார்கள் என்று சொல்வேனோ? இருத்தின கையோடு மணி அடிக்கும், பாட்டு வரும், கண்ணீர் வரும். கண்ணீரைக் கண்டு நாங்கள் எல்லாரும் கும்பிடுவோம். இரண்டு வருடம், மகன். அவர் நோவில் அழுததை நான் பக்தி என்று கும்பிட்டேன். அந்தக் கண்ணீரில்தான் என் கடவுளைக் கட்டி வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வாசலில் நின்று சனத்தைத் திருப்பி அனுப்பினேன். "பேய்ப் படிப்புப் படிச்சவள், கையில வந்த தெய்வத்தைத் தட்டிவிட்டாள்" என்று ஏசிவிட்டு மாமி உப்புவெளிக்குப் போய் ஆறு மாதம் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தா. அப்பா அவவைக் கண்டதும் "சனியன்!" என்றார். மாமி அழுதுகொண்டே சிரித்தா. "அது எனக்குத்தான், எள்ளெண்ணெய் தேவையில்லை" என்றா. இப்போது அப்பாவிடம் இருக்கிற சொற்கள் உனக்குத் தெரியும், ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். கெதியாகத் தொடங்கியிருந்தால் இன்னும் வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். என் பேரும் உன் பேரும் இன்றுவரை வரவில்லை. அந்தச் சொற்களை நான்தான் தின்றேன் என்ற எண்ணம் ஒவ்வொரு நாளும் சோறு பரிமாறும்போது வரும். நீ நாளைக்கு டொக்டராகி வார்ட்டுக்குள் போகும்போது உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்தி ஒன்றுதான். ஆராவது கண்ணீர் விட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் தொட்டுப் பார். சாமி என்று சொல்லவும் அவசரப்படாதே, மூளை என்று சொல்லவும் அவசரப்படாதே. தோளைப் பார்.

விளக்கைப் பற்றிக் கேட்டாய். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் கொளுத்தவில்லை, நீ கவனித்திருக்க மாட்டாய். பக்கத்து வீட்டில் இருக்கிற, றோட்டு வேலை மேற்பார்க்கிற ஓவசியர் ஆறுதல் சொன்னார்: "மின்குமிழ் உடைஞ்சால் மின்சாரம் இல்லை எண்டு அர்த்தமோ, பிள்ளை?" நல்ல கதைதான். ஆனால் நல்ல கதை எல்லாம் உண்மையாகிவிடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். மூளைக்குள்தான் எல்லாம் என்று ஒப்புக்கொண்டு எழும்பவும் ஏலவில்லை. இல்லை என்று சொல்லிக் கோயில் வாசலுக்குப் போய்ப் பழையபடி விழவும் ஏலவில்லை. இரண்டு கதவும் சாத்தின அறைக்குள் நிற்கிற மாதிரித்தான் இன்றுவரை. நீ ஒரு கதவால் போய்விட்டாய், மாமி மற்றக் கதவால் உள்ளே போய்விட்டா. எனக்கு இரண்டாலும் போகத் தெரியவில்லை. விளங்காத கையைப் பிடவைத் துணியால் தொட்டில் மாதிரிக் கழுத்தில் தூக்கிக் கட்டின பிறகு அப்பா அழாமல் பாடினார். மணி கேட்டால் இன்றும் பாடுகிறார், முகம் சும்மா இருக்கிறது. டொக்டர் சொன்ன அலுமாரி திறக்கிறது, பாட்டு வருகிறது, மூடுகிறது. அவர் இருட்டில் இருந்து பாடக்கூடாதே என்று பிறகு விளக்கைக் கொளுத்தத் தொடங்கினேன். அவ்வளவுதான். அதில் சாமி இருந்ததாக நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ பேராதனைக்குப் போன வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட ஏலாது. காலையில் நீ "போட்டு வாறன் அப்பா" என்றாய். அவர் இடது கையைத் தூக்கினார். கிரேன்காரனுக்குக் காட்டுகிற மாதிரி, பொறு என்று. நீ பஸ்சுக்குப் பிந்துது என்று ஓடிவிட்டாய். சாயந்தரம் மணி அடித்தது. விளக்கைக் கொளுத்தினேன். பதிகத்தைத் தொடங்கினார், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முடிந்தது. முடிந்த இடத்தில் அலுமாரி மூட வேண்டும். மூடவில்லை. அதே மெட்டில், சுவாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு, "நோகுது" என்று பாடினார். இன்னொருக்கா, "நோகுது." நான் பதறிப்போய்ப் பிடவைத் தொட்டிலை அவிழ்த்துத் தோளைத் தடவினேன். மூட்டு இருந்த இடத்தில் இருந்தது. என் கையை எடுத்துவிட்டார். தலையை ஆட்டினார். நல்ல கையை நீட்டி, சுவரில் சாத்தி வைத்திருந்த உன் சைக்கிளைக் காட்டினார். பிறகு திரும்பவும் படத்தைப் பார்த்து, ஒருவரும் சொல்லிக் கொடுக்காத இடத்தில், நான் சொல்லிக் கொடுத்த சொல்லைப் பாடினார்.

அது எந்தப் பக்கத்து மூளையில் இருந்து வந்தது என்று நீ படித்து முடித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லு, நான் நம்புகிறேன். ஆருக்குச் சொன்னார் என்று மட்டும் உன் புத்தகத்தில் இருக்காது, என் கோயிலிலும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, என் காகக் குரலில் நானும் அதே சொல்லைப் பாடினேன். அப்பாவுக்கு அடிபட்ட நாளில் இருந்து நான் வாய் திறந்து கேட்ட முதல் வேண்டுதல் அது, மகன். விடுமுறைக்கு வரும்போது ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வா. சாமியைக் கும்பிடச் சொல்ல மாட்டேன். அப்பா கையைத் தூக்கினால், ஒரு நிமிஷம் பொறு.

கன்னத்தில் அந்த நான்கு விரலையும் இப்போது தடவிக் கொடுக்கிற,
அம்மா